'டாபூ' உண்மையிலேயே மெதுவான தொடரா? பார்த்தவர்கள் இரண்டு கட்சியான கதை

2017 ஜனவரி 7, சனிக்கிழமை இரவு பிபிசி ஒன் அலைவரிசையில் 'டாபூ' தொடங்கியது. மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் எஃப்எக்ஸிலும் வந்தது. டாம் ஹார்டியும் அவருடைய தந்தை சிப்ஸ் ஹார்டியும் ஸ்டீவன் நைட்டும் சேர்ந்து உருவாக்கிய எட்டுப் பகுதித் தொடர் இது. பார்த்தவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பழைய லண்டனின் சேற்றையும் சீழையும் பூசி மெழுகாமல் காட்டிய தொடர் என்று ஒரு தரப்பு கொண்டாடியது. கதை நகரவே மாட்டேன் என்கிறது, கதாநாயகன் உறுமுவது காதில் விழவில்லை, இருட்டில் யார் யாரென்று தெரியவில்லை, எதற்காக இத்தனை கொலை என்பதும் புரியவில்லை என்று இன்னொரு தரப்பு சலித்துக்கொண்டது. இன்று ஓடிடியில் புதிதாகப் பார்க்கிறவர்களும் இந்த இரண்டில் ஒரு பக்கம்தான் போய்ச் சேர்கிறார்கள்.

சலித்துக்கொண்டவர்களைப் பொறுமை இல்லாதவர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுடைய புகாரைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் வெவ்வேறு குறைகள் இருப்பது தெரியும். ஒலியும் ஒளியும் தொழில்நுட்பம் சார்ந்தவை. இன்னொன்று ஒளிபரப்பிய முறையால் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய குறை, 1814ஆம் ஆண்டின் உலக வணிகம் பற்றித் தொடர் சொல்லாமல் விட்ட விஷயங்களால் வந்தது. அதைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம். முடிவு வரை கதையைத் தொட வேண்டியிருக்கிறது. இனிமேல் பார்க்க இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

கதைச் சுருக்கம்

1814. இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய ஜேம்ஸ் டிலேனி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு, திருட்டு வைரங்களோடு தந்தையின் இறுதிச் சடங்குக்கு லண்டன் வந்து சேர்கிறான். தந்தை விட்டுப்போன சொத்தில் பாதி கடன். மீதி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நூட்கா சவுண்ட் என்ற கடல் நுழைவாயை ஒட்டிய ஒரு துண்டு நிலம். அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்குக் கேட்கிறது. ஜேம்ஸ் மறுக்கிறான். பிரிட்டன் அரசுக்கும் அது வேண்டும், அதனோடு போரில் இருக்கும் அமெரிக்காவுக்கும் வேண்டும். ஒரு தனி மனிதன் இந்த மூவரையும் ஒருவருக்கு எதிராக ஒருவராகத் திருப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதுதான் எட்டு மணி நேரக் கதை.

இதன் மேல் தங்கையோடு தகாத உறவு, ஆவிகள், மாந்திரீகம், மனிதக் கறி என்று ஏராளமாகப் போர்த்தியிருக்கிறார்கள். விவாதங்களில் அடிபட்டதும் பெரும்பாலும் இவைதான்.

வேகம் என்பது என்ன?

திரையில் எவ்வளவு நடக்கிறது என்பதை வைத்து நாம் வேகத்தை அளப்பதில்லை. அளப்பதாக இருந்தால் நம் ஊர் மெகா சீரியல்களை ஒருவரும் பார்க்க முடியாது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஒரு காபித் தம்ளர் வந்து சேரவே ஒரு நாள் எபிசோடு ஆகிவிடும். நடுவில் மூன்று முகங்களைத் தலா மூன்று முறை காட்டுவார்கள். ஆனாலும் பார்க்கிறவர் சீட்டின் நுனியில் இருப்பார். காபியில் என்ன கலந்திருக்கிறது, யார் குடிக்கப்போகிறார், குடித்தால் எந்தச் சொத்து யாருக்குப் போகும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும்.

பணயம் என்ன என்று தெரிந்துவிட்டால் மெதுவாக நகர்வதே பதற்றத்தைக் கூட்டும். தெரியாவிட்டால் கத்திச் சண்டையும் கொட்டாவி வரவழைக்கும். 'டாபூ'வில் கொலைகள் குறைவில்லை; எதிராளியின் தொண்டையைப் பல்லால் கடித்துக் கிழிக்கும் காட்சிகூட உண்டு. அதன் பிறகும் ஒருவர் மெதுவாகப் போகிறது என்கிறார் என்றால், அவரிடம் பணயத்தின் விலை சொல்லப்படவில்லை என்று பொருள்.

முதல் பகுதியில் கம்பெனியின் இயக்குநர்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜேம்ஸுக்கு விலை பேசுகிறார்களே, அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனதன் பிரைஸ் நடித்த சர் ஸ்டூவர்ட் ஸ்ட்ரேஞ்ச் முதலில் குழைகிறார், பிறகு வெடிக்கிறார். நடிப்பாகப் பார்த்தால் அபாரம். ஆனால் உலகத்தின் ஒரு கோடியில், மழையும் காடுமாகக் கிடக்கும் ஒரு கரைக்காக லண்டனின் மிகப் பெரிய வணிக நிறுவனம் ஏன் இப்படிப் பதறுகிறது? போகிற போக்கில் உதிரும் சில வசனங்கள்தான் பதில். அவையும் தாழ்ந்த குரலில்.

நூட்காவின் விலை

அந்த விலையைப் படிப்படியாகக் கட்டினால்தான் புரியும்.

1. எல்லாம் தேயிலையில் தொடங்குகிறது. 1784இல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. கள்ளக்கடத்தல் படுத்தது, சட்டப்படி வரும் தேயிலை பெருகியது. போர்க்காலத்தில் வரி மறுபடி ஏறியது. அரசின் மொத்த வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு சரக்கிலிருந்து வந்த காலம் அது. அவ்வளவு தேயிலையும் சீனாவிலிருந்து, கான்டன் துறைமுகம் வழியாக, கம்பெனியின் கப்பலில்தான் வர வேண்டும்.

2. வாங்குவதற்குக் கையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். இங்கிலாந்தின் கம்பளித் துணியில் சீனர்களுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. வெள்ளி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வெள்ளி தீர்ந்துகொண்டே போனது. இந்தியப் பருத்தியும் வங்காளத்து அபினும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போனவைதான். சீனர்கள் விரும்பி வாங்கும் எந்தச் சரக்கும் அன்று தங்கத்துக்குச் சமம்.

3. அப்படி ஒரு சரக்கு தற்செயலாகக் கிடைத்தது. 1778இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் நூட்கா சவுண்டில் நங்கூரமிட்டபோது மாலுமிகள் அற்பப் பொருள்களைக் கொடுத்துக் கடல் நீர்நாய்த் தோல்களை வாங்கினார்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்ள. அடுத்த ஆண்டு கான்டனில் நல்ல தோல் ஒன்று 120 டாலர் வரை போனது. மாலுமிகள் திரும்பிப் போய் இன்னும் அள்ளி வரலாம் என்று கலகம் செய்யும் அளவுக்குப் போய்விட்டார்கள். 1784இல் குக்கின் பயண நூல் வெளிவந்ததும் இந்த ரகசியம் ஊர் அறிந்ததாயிற்று.

4. ஆனால் ஒரு பிரிட்டிஷ் வணிகன் நினைத்த மாத்திரத்தில் இந்த வியாபாரத்தில் இறங்க முடியாது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வணிக உரிமை தென்கடல் கம்பெனி என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனத்திடம். சீனாவில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம். இரண்டு பேரிடமும் உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாஸ்டனிலிருந்து கிளம்பி, தோல் வாங்கி, கான்டனில் விற்று, தேயிலையோடு ஊர் திரும்பினார்கள். ஏகபோகத்துக்கு வெளியே நின்றவன் கொழித்தான்.

5. நூட்காவுக்காகப் போர் மூளும் நிலையும் ஒருமுறை வந்திருக்கிறது. ஜான் மீயர்ஸ் என்ற பிரிட்டிஷ் வணிகர், 1788இல் அங்குள்ள தலைவர் மக்வின்னாவிடம் ஒரு ஜோடி கைத்துப்பாக்கி கொடுத்து நிலம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார். மக்வின்னா அதைப் பின்னால் மறுத்துவிட்டார். 1789இல் ஸ்பெயின் தளபதி எஸ்தபான் மார்த்தினஸ் மீயர்ஸின் கப்பல்களைப் பிடித்துவைத்தார். லண்டன் கொதித்தது, கடற்படை தயாரானது. கடைசியில் 1790, 1793, 1794இல் மூன்று உடன்படிக்கைகளால் விஷயம் தணிந்தது.

ஜேம்ஸின் தந்தை பழங்குடியினரிடம் நிலம் வாங்கியதாக வரும் கதைக்கு மீயர்ஸின் விவகாரம்தான் முன்மாதிரி போலத் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் தொடரின் ஆட்டம் தெளிவாகிவிடும். ஜேம்ஸ் பணம் கேட்பதே இல்லை. நூட்காவிலிருந்து கான்டன் வரையிலான தேயிலை வணிகத்தின் ஏகபோகத்தைக் கேட்கிறான். கம்பெனியின் உயிர்நாடியிலேயே கை வைக்கிறான். 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தியாவுடனான வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகத்தை ஒழித்து, தேயிலையையும் சீன வணிகத்தையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. கதை அதற்கு அடுத்த ஆண்டு நடக்கிறது. மிச்சமிருந்த ஒரே ஏகபோகத்தையும் ஒருவன் கேட்டால் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பதறாமல் என்ன செய்வார்கள்?

இந்தச் சாசனச் சட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் முதல் பகுதியிலேயே யாராவது பேசியிருந்தால் புகார்களில் பாதி குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உயில் என்ற கவசம்

தொடரில் மிகவும் கெட்டிக்காரத்தனமான திருப்பம் சத்தமே இல்லாமல் வருவதால் பலர் தவறவிட்டார்கள். மூன்றாம் பகுதியில் ஜேம்ஸ் ஓர் உயில் எழுதுகிறான். தான் இறந்தால் சொத்து முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு. அதைக் கொண்டுபோய்க் குடும்ப வக்கீல் தாய்ட்டிடம் கொடுக்கிறான். தாய்ட் கம்பெனியின் ஆள் என்பது அவனுக்குத் தெரியும்; தெரிந்துதான் கொடுக்கிறான்.

முந்தின நாள் வரை ஜேம்ஸ் செத்தால் கம்பெனிக்கு லாபம். இப்போது அவன் செத்தால் நூட்கா எதிரி நாட்டுக்குப் போய்விடும். அவனைக் கொல்ல ஆள் அனுப்பியவர்களே இனி அவன் உயிரைக் காபந்து பண்ண வேண்டும். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு தாள். தொடரின் உண்மையான சண்டைக் காட்சி இதுதான். வழக்கறிஞர் அறையில் காகிதம் சரசரக்கிற ஓசையோடு முடிந்துவிடுகிற இதைவிட, அதற்கு முந்தைய பகுதியின் தொண்டைக் கடிதான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது.

வெடிமருந்துக் காட்சிகளும் இதே ரகம். பீப்பாயில் எதையோ இரவு பகலாகக் கிண்டிக்கொண்டே இருக்கிறார்களே என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. உலகின் சிறந்த வெடியுப்பு பிகாரிலிருந்து கம்பெனி வழியாக வந்தது. அதைக் கம்பெனியின் கிடங்கிலிருந்தே திருடி, எதிரி நாடான அமெரிக்காவுக்கு மருந்தாக்கி விற்பது தூக்குமேடைக் குற்றம். அவசரத்துக்கு வெடியுப்போடு குளோரேட் என்ற வேதி உப்பைச் சேர்க்கிறார்கள். குளோரேட் கலந்த மருந்து உராய்ந்தாலே வெடிக்கக்கூடியது. 1788இல் பிரான்சின் எஸ்ஸோன் ஆலையில் இதைச் சோதித்தபோது நடந்த வெடிப்பில் உயிர்கள் போயின. இந்த ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காட்சிகளில் ஒரு சிறுவன் துடுப்பால் கிண்டுவதைப் பாருங்கள். இமை கொட்டத் தோன்றாது.

கேட்கவில்லை, தெரியவில்லை

வசனம் காதில் விழவில்லை என்ற புகாரை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பிபிசிக்கு இது புதிதும் அல்ல. 2014இல் 'ஜமைக்கா இன்' என்ற மூன்று பகுதித் தொடருக்கு 2,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன, எல்லாம் முணுமுணுப்பு பற்றி. 'டாபூ' ஓடிய அதே 2017இல் 'எஸ்எஸ்-ஜிபி' என்ற தொடரும் இதே பேரை வாங்கியது.

காரணம் நடிகரின் வாய் மட்டுமில்லை. நிஜத்தில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசுவது இன்றைய நடிப்புப் பாணி. உடையில் ஒளித்த சிறு மைக் அதைப் பிடித்துவிடும். ஒலிக்கலவை நடப்பதோ உயர்ரக ஒலிபெருக்கிகள் உள்ள அமைதியான அரங்கில். அங்கே கிசுகிசுப்புக்கும் கூச்சலுக்கும் நடுவே பெரிய இடைவெளி வைக்கலாம். வீட்டில் தட்டைத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்துக்கொண்டிருக்கும். பல தடங்களில் இருந்த ஒலியை இரண்டாகச் சுருக்கும்போது வசனம் இசைக்குள் அமுங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் வசனத்தை ஐம்பது தடவை கேட்டவர்கள். அவர்கள் காதுக்கு அது எப்போதும் தெளிவாகத்தான் கேட்கும்.

ஆங்கிலத் தொடர் என்றால் கீழே எழுத்தைப் போட்டுக்கொண்டு உட்காரும் நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் குறை பாதிதான் உறைக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் எழுத்துப் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து அவதிப்பட்டார்.

இருட்டு வேறு கதை. 1814இன் லண்டன் உண்மையிலேயே இருட்டுதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு எரிவாயு விளக்கு வந்ததே 1813 கடைசியில். வீடுகளில் கொழுப்பு மெழுகுவத்தி. அந்த ஆண்டு பிப்ரவரியில் தேம்ஸ் நதி உறைந்து பனிமேல் சந்தை நடந்தது. அதன்பின் அப்படி உறையவில்லை. ஆகவே அழுக்கும் குளிரும் மங்கலும் காலத்துக்குப் பொருந்தியவை. ஆனால் வண்ணம் திருத்துகிறவர் கும்மிருட்டு அறையில் உட்கார்ந்து சரிபார்த்த படத்தை, டியூப்லைட் எரியும் கூடத்தில், இணைய வேகத்துக்காகச் சுருக்கப்பட்ட வடிவத்தில் பார்க்கும்போது கருமைக்குள் இருந்த விவரமெல்லாம் கரைந்துவிடுகிறது.

வாரம் ஒன்று

பிபிசி ஒன்னில் சனிக்கிழமை இரவு என்பது குடும்பத்தோடு உட்காரும் நேரம். முதல் நான்கு பகுதிகளை இயக்கியவர் டென்மார்க்கின் கிறிஸ்தோஃபர் நைஹோம். வடக்கு ஐரோப்பியக் குற்றத் தொடர்களின் நிதானத்தில் ஊறியவர். அந்த நிதானத்தை வாரத்துக்கு ஒரு மணி நேரமாக வெட்டிக் கொடுத்தால், மூன்றாம் வாரம் வரும்போது முதல் வாரத்து வக்கீல் யார் என்பது மறந்துவிடும். எட்டையும் இரண்டு மூன்று நாளில் பார்த்து முடிக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அன்றிரவு நேரலையில் பார்த்தவர் எண்ணிக்கையும், பதிவிலும் இணையத்திலும் ஏழு நாளுக்குள் பார்த்தவரைச் சேர்த்த எண்ணிக்கையும் தனித்தனியாக வெளியிடப்படுகின்றன. முதல் எண்ணை மட்டும் பார்த்து இதுபோன்ற தொடரைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். 2017 மார்ச்சிலேயே இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டது, இன்னும் வந்தபாடில்லை.

கம்பெனி அவ்வளவு கெட்டதா?

பிரிட்டனில் எழுந்த இன்னொரு முணுமுணுப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியை ரவுடிக் கும்பலாகக் காட்டிவிட்டார்கள் என்பது. இதில் சரித்திரப்படி தொடர் சறுக்கும் இடங்கள் உண்டு. 1784ஆம் ஆண்டுப் பிட் சட்டத்துக்குப் பிறகு கம்பெனியின் அரசியல் விவகாரங்கள் அரசின் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் வந்துவிட்டன. அரசும் கம்பெனியும் தெருச் சண்டை போடும் பகையாளிகளாக இருக்கவில்லை. கதையின் மையத்தில் கம்பெனியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓர் அடிமைக் கப்பல் வருகிறது; அதிலும் மிகை உண்டு. கம்பெனி மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பெங்கூலனுக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் அடிமைகளைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் முக்கியக் கை வேறு ஆட்களுடையது.

கம்பெனியின் குணத்தைப் பொறுத்தவரை நமக்கு இந்தச் சந்தேகம் எழாது. கதை நடக்கும் ஆண்டுக்கு 13 ஆண்டு முன்பு, 1801இல், கம்பெனி கர்நாடக நவாபின் ஆட்சியை முழுதாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. கும்பினியாரின் பட்டாளத்தைத்தான் நம் கதைப்பாடல்கள் பாடின. அந்தப் பட்டாளத்துக்குப் பின்னால் லண்டனின் லெடன்ஹால் தெருவில் ஒரு கட்டடத்தில் எழுத்தர்களும் கணக்கர்களும் நிலவரைபடங்களும் இருந்ததை நம் பாடப்புத்தகம் காட்டியதில்லை, 'டாபூ' காட்டுகிறது. தமிழ் வாசகருக்கு இந்தத் தொடரில் பார்க்க வேண்டியது அந்த அறைதான் என்பேன். ஆவிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் நஷ்டமில்லை.

காட்டப்படாத நூட்கா

எட்டு மணி நேரம் பார்த்த பிறகும் நூட்காவைக் கண்ணில் காட்டவே இல்லை என்பது கடைசிப் பகுதி முடிந்ததும் வந்த புகார். அமெரிக்கக் கொடியை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்புவதோடு கதை நின்றுவிடுகிறது. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, வேறு ஒரு காரணத்துக்காக.

1814இல் நூட்காவின் மதிப்பைத் தொடர் மிகையாக்கியிருக்கிறது. அதற்குள் நீர்நாய்கள் வேட்டையில் அருகிவிட்டன. 1803இல் மக்வின்னாவின் ஆட்கள் 'பாஸ்டன்' என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து இரண்டு பேரைத் தவிர எல்லோரையும் கொன்றார்கள். அதன் பிறகு வணிகக் கப்பல்கள் அந்தப் பக்கம் போகவே தயங்கின. 1814 டிசம்பர் 24இல் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிரிட்டனும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட சமாதான உடன்படிக்கை பசிபிக் கரை எல்லையைத் தீர்க்கவில்லை. 1818இல் பேசியபோதும் ராக்கி மலைக்கு மேற்கே இரு நாட்டுக்கும் பொது என்று தள்ளிப்போட்டார்கள். 1846இல்தான் வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனுக்கு என்று முடிவானது. நூட்கா இருப்பது அந்தத் தீவின் மேற்குக் கரையில்.

இரண்டாம் பருவம் எப்போதாவது வந்தால் அந்தக் கரையில் இறங்கியாக வேண்டும். முதல் பருவத்தில் அந்த மண்ணின் ஆள் என்று வந்தவர் ஜேம்ஸின் தாய் ஒருவர்தான். அவரும் தண்ணீரிலிருந்து எழுந்துவரும் பேயுருவாக மட்டும், வசனம் ஏதுமின்றி. பிரிட்டன் அரசு, கம்பெனி, அமெரிக்கா, ஜேம்ஸ் என்று நான்கு பேர் பேரம் பேசிய நிலத்தில் மக்வின்னாவின் வழிவந்த மோவாச்சாட் முச்சலாட் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஊரான யூக்வாட், நூட்கா சவுண்டின் வாசலிலேயே இருக்கிறது.